ஹைக்கூவோடு அதன் மூல ஒலியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானியக் குறுங்கவிதைகளான ஹைக்கூக்களின் தமிழாக்கங்கள் தொடர்ந்து வருகின்றன. அந்தப் பக்கத்தை விரும்பிப் படிக்கும் வாசகன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். இனி ஹைக்கூ வெளியிடும்போது மூலத்தின் ஒலியைத் தமிழ் எழுத்திலும், அதன் கீழே சொல்லுக்குச் சொல் பொருளையும் சேர்த்துப் போடுங்கள். பிடிக்கும் இடம் மிகக் குறைவு. வாசகருக்குக் கிடைப்பதோ மிக அதிகம். எல்லாருக்கும் தெரிந்த, 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையை வைத்தே இதைக் காட்டிவிடலாம்.

மூலம் இது:

ஃபுரு இகெ ய
கவஸு தொபிகொமு
மிஸு நொ ஒதொ

'ஃபுரு' என்றால் பழைய, 'இகெ' என்றால் குளம். 'ய' என்பதற்குத் தனிப்பொருள் கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம். 'கவஸு' தவளை. 'தொபி' தாவி, 'கொமு' உள்ளே புகுதல். இரண்டும் ஒட்டி ஒரே வினையாக நிற்கின்றன. 'மிஸு' நீர், 'நொ' நம்முடைய 'இன்' உருபு, 'ஒதொ' ஒலி. உச்சரிக்கும்போது 'தொ'வைத் 'தொடு' என்பதில் வருவதுபோலவும், 'கொ'வைக் 'கொடி' என்பதில் வருவதுபோலவும் வல்லோசையாகச் சொல்ல வேண்டும். 'கவஸு', 'மிஸு' இரண்டிலும் உள்ள 'ஸு' கொஞ்சம் அதிர்ந்து ஒலிக்கும். அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. குறில் நெடிலில் மட்டும் கவனம் வேண்டும். 'நோ' என்றும் 'ஓதோ' என்றும் நீட்டி எழுதினால் கவிதையின் அளவே மாறிவிடும். எகர ஒகரங்களுக்குக் குறிலும் நெடிலும் தனித்தனியே வைத்திருக்கும் நம் எழுத்து இந்த வேலைக்கு மிகவும் வாகானது.

இப்போது சொற்கள் வரும் வரிசையைப் பாருங்கள். பழங்குளம், தவளை குதிக்கும், நீரின் ஒலி. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. பெயருக்கு முன் அடை, உருபு பெயருக்குப் பின், வினை கடைசியில் என்று இரண்டு மொழிகளும் ஒரே போக்கில் போகின்றன. கண் முதலில் குளத்தைப் பார்க்கிறது, பிறகு தவளையை. கடைசியில் வேலை காதுக்கு வருகிறது. பாஷோ வைத்த இந்த ஒழுங்கு தமிழில் தானாகவே அமைந்துவிடுகிறது.

ஆனால் நம் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கிறது: 'ஒரு பழைய அமைதியான குளம். ஒரு தவளை குதித்தது. தொபுக்!' இதில் இரண்டு 'ஒரு' இருக்கின்றன. மூலத்தில் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் சுட்டு இல்லாமல் நிற்காது என்பதால் அங்கே அதைப் போட்டார்கள். அங்கிருந்து எடுத்தவர்கள் அதையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார்கள். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்த ஹைக்கூத் தமிழாக்கத்திலும் முதல் வேலையாக 'ஒரு'வை அடித்துப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது இடத்தில் வரி தலை நிமிர்ந்துவிடும்.

'அமைதியான' என்பதும் மூலத்தில் இல்லை. அமைதி, மௌனம், நிசப்தம் எதற்கும் அங்கே சொல் கிடையாது. தவளை விழும் சிறு ஓசை காதில் விழுகிறது என்றால் சுற்றிலும் எவ்வளவு அமைதி இருக்க வேண்டும் என்று படிப்பவர் தாமாக உணர வேண்டும். அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மூன்றாம் வரிக்கு வேலை இல்லாமல் போகிறது. சிலர் 'மீண்டும் அமைதி' என்று முடிக்கிறார்கள். அது இன்னும் மோசம். பாஷோ ஒலியோடு நிறுத்தினார், நிறுத்திய இடம்தான் கவிதை.

'தொபுக்' என்ற ஒலிக்குறிப்பும் அப்படித்தான். ஜப்பானிய மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நீரில் விழும் ஓசைக்கே பல உண்டு. அவற்றில் எதையும் எடுக்காமல் 'நீரின் ஒலி' என்று பாஷோ வெறுமனே எழுதினார். ஒலித்தது தவளையா, நீரா? நீர்தான் என்கிறது கவிதை. 'தொபுக்' என்றதும் நம் கவனம் தவளையின் குறும்புக்குத் திரும்பிக் கவிதை வேடிக்கைப் பாட்டாகிவிடுகிறது.

அடுத்தது, எத்தனை தவளை என்ற கேள்வி. ஜப்பானியப் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை பன்மை காட்டும் கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலோர் ஒருமையாக எழுத, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் பன்மையாகவே எழுதினார். ஹிரோஅகி சாத்தோ என்பவர் இந்த ஒரே கவிதையின் ஆங்கில ஆக்கங்களை நூறு அளவில் திரட்டி 1983ல் நூலில் சேர்த்தார். அத்தனை பேரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டியிருந்தது. தமிழில் அஃறிணைப் பெயர் பால் பகாதது. 'மாடு மேயும்' என்றால் ஒற்றை மாடும் ஆகலாம், மந்தையும் ஆகலாம். நம்மைக் காட்டிக்கொடுப்பது வினைமுற்று. 'குதித்தது' என்றால் ஒன்று, 'குதித்தன' என்றால் பல. 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று மட்டும் அஃறிணையில் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. ஆகவே 'தவளை குதிக்கும்' என்று எழுதினால் மூலத்தில் திறந்திருப்பது தமிழிலும் திறந்தே இருக்கும்.

இதைவிட நுட்பமான பொருத்தம் ஒன்று இருக்கிறது. 'தொபிகொமு' என்ற வடிவம் வாக்கியத்தை முடிக்கும் முற்றாகவும் நிற்கும், அடுத்த பெயரைத் தழுவும் எச்சமாகவும் நிற்கும். அதனால் 'தவளை குதிக்கிறது. நீரின் ஒலி' என்றும் படிக்கலாம், 'தவளை குதிக்கின்ற நீரின் ஒலி' என்றும் படிக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தமிழின் 'செய்யும்' வடிவமும் அச்சாக அப்படித்தான்: முற்றும் அதுவே, பெயரெச்சமும் அதுவே. ஆங்கிலத்தில் இந்த இரட்டை நிலையை வைக்க வழியில்லை. 'குதித்தது' என்றோ 'குதிக்கிறது' என்றோ எழுதும் தமிழாக்கம், கையில் இருக்கும் வசதியை வேண்டாம் என்று ஒதுக்குகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டாம் வரியின் முடிவில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வைத்துவிட்டால் 'குதிக்கும்' எதிர்கால முற்றாக மட்டும் ஒலிக்கும். தவளை இனிமேல்தான் குதிக்கப்போகிறது என்று படிப்பவர் நினைப்பார். அந்த இடத்தில் எந்தக் குறியும் வேண்டாம்.

குறி வேண்டிய இடம் முதல் வரியின் முடிவு. அங்கே மூலத்தில் இருப்பதுதான் 'ய'. ஹைக்கூவில் இப்படி வெட்டு விழும் இடத்தைக் காட்டும் சொற்களை 'கிரெஜி' என்பார்கள், அதாவது வெட்டெழுத்து. 'ய', 'கன', 'கெரி' மூன்றும் அதிகம் வருபவை. 'ய' வந்தால் அதற்கு முன்னால் சொன்னது ஒருகணம் தனியே நிற்கும். குளம் வேறு, தவளை விழுவது வேறு என்று இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டு, இரண்டையும் சேர்க்கும் பொறுப்பைக் கவிஞர் நம்மிடம் விட்டுவிடுகிறார். தமிழில் 'பழங்குளமே' என்று ஏகாரம் போட்டால் குளத்தைக் கூப்பிடுவதுபோல ஆகும். 'ஓ பழங்குளம்' என்பதோ செயற்கை. 'பழங்குளத்தில்' என்று உருபு சேர்த்தால் வெட்டே போய்விடும். மூன்று வரியும் ஒழுகலாக ஓடி 'பழங்குளத்தில் தவளை குதித்த சத்தம்' என்ற செய்தியாகச் சுருங்கிவிடும். நான் பார்த்த தமிழாக்கங்களில் மிக அதிகமாக நேரும் பிழை இதுதான். எழுவாய் வடிவில் 'பழங்குளம்' என்று நிறுத்தி ஒரு கோடு போடுவதே போதும்.

பழங்குளம் —
தவளை குதிக்கும்
நீரினொலி

இந்த வரிகளை மாத்திரைக் கணக்கில் எண்ணிப் பாருங்கள். ப, ழ, கு, ள நான்கும் குறில், நான்கு மாத்திரை. ங், ம் இரண்டும் மெய், அரை அரை. ஆக ஐந்து. இரண்டாம் வரியில் த, வ இரண்டு. 'ளை' சொல்லின் கடையில் வருவதால் ஐகாரம் குறுகி ஒன்று. கு, தி, கு மூன்று. க், ம் சேர்ந்து ஒன்று. ஆக ஏழு. மூன்றாம் வரியில் நீ இரண்டு, ரி, னொ, லி மூன்று. ஆக ஐந்து. மூலமும் ஐந்து, ஏழு, ஐந்துதான்.

ஆனால் இது நல்ல ஹைக்கூவுக்கான சான்றிதழ் அல்ல. எண்ணும் முறையைப் பற்றித் தெளிவு வேண்டும் என்பதற்காகவே காட்டினேன். ஜப்பானியர் எண்ணுவது ஓசையின் கால அளவை; அதை 'ஒன்' என்பார்கள். குறில் ஒன்று, நெடில் இரண்டு, தனித்து நிற்கும் 'ன்' ஒன்று, இரட்டித்து ஒலிக்கும் வல்லெழுத்தின் முதற்பாதி ஒன்று. தோக்கியோ என்ற ஊர்ப்பெயர் அவர்கள் கணக்கில் நான்கு, பாஷோ என்ற பெயர் மூன்று. மெய்க்கு முழு அளவு கொடுப்பது ஒன்றைத் தவிர மற்றபடி இது நம் மாத்திரைக்கு மிக நெருங்கிய கணக்கு. நம் ஊரில் சிலர் பதினேழு எழுத்து என்றும் சிலர் பதினேழு சொல் என்றும் சொல்லிக்கொடுப்பதற்கு மூலத்தில் ஆதாரம் இல்லை. பதினேழு சொல்லில் இதைப் போல இரண்டு மூன்று கவிதைகள் அடங்கும். அவ்வளவு இடம் கிடைத்ததும் அதை நிரப்பத்தான் 'அமைதியான', 'திடீரென்று', 'மெல்ல' போன்ற அடைகள் உள்ளே நுழைகின்றன.

பதினேழு என்பதும் இரும்பு விதி அல்ல. பாஷோவின் காகக் கவிதையைப் பாருங்கள்.

கரெ எத நி
கரஸு நொ தொமரிகெரி
அகி நொ குரெ

நடு வரியை எண்ணினால் ஒன்பது. இதன் முந்தைய வடிவில் அந்த வரி இன்னும் நீளமாக இருந்தது. திருத்தியும் ஒன்பதாகவே விட்டார். காய்ந்த கிளையில் காகம் அமர்ந்துவிட்டது, இலையுதிர்கால மாலை என்பது பொருள். இங்கேயும் காகம் ஒன்றா பலவா என்பது கேள்விதான். பல காகங்களோடு தீட்டிய பழைய ஓவியமும் இருக்கிறது, ஒற்றைக் காகத்தோடு தீட்டியதும் இருக்கிறது. 'அகி நொ குரெ' என்பதை இலையுதிர்கால மாலை என்றும் கொள்ளலாம், இலையுதிர்காலத்தின் முடிவு என்றும் கொள்ளலாம். தமிழில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 'கெரி' என்ற வெட்டு, நடந்துவிட்டதை அப்போதுதான் கவனித்த வியப்பையும் சேர்த்துச் சொல்கிறது. 'அமர்ந்திருக்கும்' என்றால் எண் திறந்திருக்கும், வியப்பு போய்விடும். 'அமர்ந்துவிட்டதே' என்றால் வியப்பு நிற்கும், காகம் ஒன்றாகிவிடும். நான் வியப்பின் பக்கம் நிற்பேன். வேறொருவர் வேறு முடிவு எடுக்கலாம். மூலத்தின் ஒலியும் பொருளும் அருகில் அச்சாகியிருந்தால் எதை விட்டோம் என்பது வாசகருக்கும் தெரியும்.

சிலர் இலையுதிர்காலத்துக்குச் சங்கப் பெயராகக் 'கூதிர்' என்று போடுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் இங்கே ஒட்டாது. கூதிர் என்றதும் நமக்கு ஐப்பசி, கார்த்திகையின் மழையும் ஊதையும் வந்துவிடும். பாஷோவின் கிளை காய்ந்து நிற்கிறது.

பருவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வாசகர் மிக அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பது மரபு; அதைக் 'கிகோ' என்பார்கள். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று தொகுத்த கைநூல்களுக்கு 'ஸஇஜிகி' என்று பெயர். தவளை வசந்தத்துக்கு உரியது. நமக்கோ தவளை என்றால் மழை. முல்லைப் பாட்டுகளிலும் அது கார்காலத்தில்தான் கத்துகிறது. எனவே குறிப்பு இல்லாமல் படிக்கும் தமிழர் மனத்தில் மழைக்கால இரவு விரியும்; பாஷோவின் குளமோ குளிர் விட்டு உயிர்கள் மெல்லத் தலைகாட்டும் வேளையில் கிடக்கிறது. பழைய குளம், புதிய பருவம் என்ற முரண் அதற்குள் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 'பருவம்: வசந்தம்' என்று இரண்டு சொல் போட்டால் இந்தக் குழப்பம் தீரும். கிகோவை நம் கருப்பொருளோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். ஒப்பிடலாம், ஆனால் கருப்பொருள் நிலத்தையும் உரிப்பொருளையும் கூடவே இழுத்து வரும். கிகோ காலத்தை மட்டும் சொல்லும். தவளை வந்ததால் இது காத்திருத்தல் என்று உரை எழுதக் கூடாது.

தவளைக்கு அங்கே ஒரு இலக்கிய வரலாறும் உண்டு, அது தெரிந்தால்தான் இந்தக் கவிதை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று புரியும். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த 'கொகின்ஷூ' என்ற பாடல் தொகைக்கு எழுதிய முன்னுரையில் கி நொ த்ஸுரயுகி, பூக்களிடையே பாடும் உகுஇஸு என்ற சிறு பறவையையும் நீரில் வாழும் தவளையின் குரலையும் சேர்த்துச் சொல்கிறார். அந்த மரபில் தவளை என்றால் குரல். மலையோடையில் இனிய குரலெழுப்பும் தவளையை யமபுகி என்ற மஞ்சள் பூவோடு சேர்த்துப் பாடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. பாஷோவின் சீடர் ஷிகோ எழுதி வைத்த குறிப்பின்படி, பின்னிரண்டு வரிகள்தான் முதலில் பிறந்தன. முதல் வரிக்கு 'யமபுகி ய' என்று வைக்கலாமே என்றார் இன்னொரு சீடர் கிகாக்கு. மரபுப்படி அது சரியான யோசனை. பாஷோ அதை விட்டுவிட்டு 'ஃபுரு இகெ ய' என்று வைத்தார். பாடிக்கொண்டே இருந்த தவளை வாய் திறக்காமல் தண்ணீரில் விழுந்தது. மஞ்சள் பூ இருக்க வேண்டிய இடத்தில் நிறமற்ற பழைய குளம் கிடந்தது. எட்டு நூற்றாண்டு மரபு அந்த ஒரு ஓசையில் திரும்பியது. 1686ல் தவளையை மட்டுமே பாடுபொருளாக வைத்து இரண்டிரண்டாக ஒப்பிட்ட கவிதைகளின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதில் முதலில் நிற்பது இதுதான்.

பாஷோ 1644ல் இகா உவேனோவில் பிறந்து 1694ல் ஒசாகாவில் மறைந்தவர். பாஷோ என்றால் வாழை. எதோ (இன்றைய தோக்கியோ) நகரின் ஃபுககவா பகுதியில் அவர் குடியிருந்த குடிலின் முற்றத்தில் சீடர் ஒருவர் வாழைக்கன்று வைத்தார். மரத்தின் பெயர் குடிலுக்கும் பிறகு கவிஞருக்கும் ஒட்டிக்கொண்டது. அது உண்ணத்தக்க பழம் தராத வகை. காற்றில் கிழியும் அதன் இலைதான் அவருக்குப் பிடித்திருந்தது. தமிழ் வாசகர் சட்டென்று நெருங்கக்கூடிய இந்தச் செய்தி அறிமுகக் குறிப்புகளில் வருவதே இல்லை. இன்னொன்று, பாஷோ தாம் எழுதியதை ஹைக்கூ என்று அழைத்ததில்லை. பலர் கூடித் தொடுக்கும் தொடர்கவிதையின் முதற்பாட்டான 'ஹொக்கு' அது. ஹைக்கூ என்ற பெயரை 1890களில் நிலைநிறுத்தியவர் மஸஒகா ஷிகி. மூன்று வரியாக உடைப்பதும் மொழிபெயர்ப்பில் வந்த பழக்கமே; ஜப்பானில் மேலிருந்து கீழாக ஒரே வரியாகத்தான் பொதுவாக அச்சிடுவார்கள்.

மூன்றாம் வரியில் அதிர்ச்சி வைக்க வேண்டும் என்று நம்மிடையே பரவியிருக்கும் பாடமும் இங்கிருந்துதான் சிக்கலாகிறது. ஜப்பானிய ஹைக்கூவில் திருப்பம் விழும் இடம் வெட்டு. அது முதல் வரிக்குப் பின் வரலாம், இரண்டாம் வரிக்குப் பின்னும் வரலாம், கடைசியிலும் வரலாம். மூன்றாம் வரியைத் துணுக்கின் முடிவுபோல வெடிக்க வைக்கும் தமிழாக்கங்கள் மூலத்தில் இல்லாத புதிர் ஒன்றைக் கட்டிவிடுகின்றன. பாஷோவின் சீடர்களில் ஒருவரான மசஹிதேயின் கவிதைக்கு நேர்ந்தது இதுதான். அது 'கொட்டகை எரிந்துவிட்டது, இப்போது நிலவைப் பார்க்கலாம்' என்ற வடிவில், பல நேரம் பாஷோவின் பெயரிலேயே, நம்பிக்கை வாசகம்போலச் சுற்றிவருகிறது.

குர யகெதெ
ஸவரு மொனொ நகி
த்ஸுகிமி கன

'குர' என்பது கொட்டகை அல்ல. தடித்த மண்சுவர் எழுப்பிச் சுண்ணம் பூசி, தீப்பிடித்தால்கூடப் பொருள் தப்ப வேண்டும் என்று கட்டும் சேமிப்புக் கட்டடம். அதுவே எரிந்துவிட்டது என்றால் இழப்பு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது அல்லவா? 'இப்போது' என்ற சொல்லும் இல்லை, 'பார்க்கலாம்' என்ற ஆறுதலும் இல்லை. 'களஞ்சியம் எரிந்து, மறைப்பது ஏதுமற்ற நிலாக்காட்சி' என்பதே உள்ளது. இழப்பையும் நிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அறிவுரை நாம் சேர்த்தது.

தமிழ் மிக அழகாகக் கைகொடுக்கும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் சியோ அம்மையாரின் (1703–1775) கிணற்றுக் கவிதையைக் காட்டுவேன்.

அஸகஒ நி
த்ஸுருபெ தொரரெதெ
மொரஇ மிஸு

அஸகஒ, காலையில் பூக்கும் கொடி. நம் சர்க்கரைவள்ளியின் இனம். விடியலில் தண்ணீர் எடுக்கப் போனால் கிணற்று வாளியைக் கொடி சுற்றிக்கொண்டு பூத்திருக்கிறது. அறுக்க மனமில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்குகிறார். 'தொரரெதெ' என்பது வெறும் 'எடுத்தது' அல்ல. எடுக்கப்பட்டு, அதனால் தாம் இழந்து நிற்கும் நிலையைச் சொல்லும் செயப்பாட்டு வடிவம். ஆங்கிலத்தில் கொடி வாளியை எடுத்துக்கொண்டது என்று எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் 'பறிகொடுத்து' இருக்கிறது. 'மொரஇ மிஸு'வுக்கு 'இரவல் தண்ணீர்' இருக்கிறது.

பூங்கொடியிடம்
வாளியைப் பறிகொடுத்து
இரவல் தண்ணீர்

'நான்' எங்கேயும் இல்லை, இருந்தும் இழந்தவர் யார் என்பதில் சந்தேகமே வரவில்லை. பூவின் அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'அழகிய', 'பாவம்', 'அறுக்க மனமின்றி' என்று எதையாவது சேர்த்தால் கவிதை கெடும். பருவக் குறிப்பில் மட்டும் கவனம் தேவை. இந்தப் பூ பழைய நாட்காட்டியின்படி இலையுதிர்காலத்துக்கு உரியது. அங்கே அந்தப் பருவம் நம் ஆகஸ்டு தொடக்கத்திலேயே பிறந்துவிடும்.

ஒலிக்குறிப்பு வேண்டாம் என்று மேலே சொன்னதை எல்லாக் கவிதைக்கும் விதியாக்கிவிடக் கூடாது. பூசோன் (1716–1784) எழுதிய வசந்தக் கடலில் 'நொதரி நொதரி' என்ற இரட்டைச் சொல்தான் உயிர். 'ஹரு நொ உமி / ஹினெமொஸு நொதரி / நொதரி கன.' வசந்தக் கடல், நாள் முழுதும் ஏறி இறங்கி ஏறி இறங்கி. அந்த இரட்டை, நடு வரியில் பாதியும் கடைசி வரியில் பாதியுமாகப் பிரிந்து அலைபோலவே மடிந்து விழுகிறது. மொழிபெயர்ப்பிலும் வரியை அங்கேதான் உடைக்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் அடைத்தால் கடல் நின்றுவிடும்.

இஸ்ஸாவின் பனித்துளிக் கவிதைக்கு நேரும் கேடு வேறு வகை. 1819ல் அவருடைய மகள் சாத்தோ அம்மை நோயில் இறந்தாள். ஒரு வயது கடந்த குழந்தை.

த்ஸுயு நொ யொ வ
த்ஸுயு நொ யொ நகர
ஸரி நகர

'பனித்துளி உலகம் இது; பனித்துளி உலகமே ஆயினும், அப்படி ஆயினும்' என்று நின்றுவிடுகிறது. வினைமுற்று இல்லை. உலகம் நிலையற்றது என்று புத்தம் சொல்வதை முதலிரண்டு வரியில் அவர் ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகு அந்த ஒப்புதல் தாங்கவில்லை. 'நகர' என்பது நம் 'ஆயினும்' போலவே தொடரின் கடைசியில் வந்து அடுத்ததை எதிர்பார்க்க வைக்கும் சொல், அடுத்தது வருவதில்லை. இதைத் தமிழாக்கியவர்களில் சிலர் 'ஆயினும் மனம் ஏற்க மறுக்கிறது' என்று வாக்கியத்தை முடித்துக் கொடுக்கிறார்கள். இலக்கணப் பிழை என்று அஞ்சியிருக்கலாம். தயவுசெய்து முடிக்க வேண்டாம். தகப்பன் முடிக்காததை நாம் முடிக்கக் கூடாது.

ஆங்கிலம் வழியே வந்ததெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. 1916ல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது, ஜப்பானியக் கவிஞர் யோனே நோகுச்சி ஆங்கிலத்தில் எழுதியதுதான் அவருக்குக் கிடைத்த வாசல். அந்த வாசல் வழியாகவே சுருக்கத்தின் வலிமையை அவர் கண்டுகொண்டார். இன்று நிலைமை வேறு. பாஷோ, பூசோன், இஸ்ஸா மூவரின் மூலங்களும் உச்சரிப்போடும் சொற்பொருளோடும் எளிதாகக் கிடைக்கின்றன. ஜப்பானிய மொழி படித்த தமிழர்களும் இருக்கிறார்கள். தமிழாக்கம் அனுப்புகிறவரிடம் மூலத்தின் ஒலி வடிவத்தையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முடியாவிட்டால் அது பாஷோவினுடையதுதானா என்பதே ஐயத்துக்குரியது. மசஹிதேக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேரும்.

பக்க வடிவமைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்தியின் அகலத்துக்கு வரியை இழுத்துப் பரப்பினால் சொற்களுக்கு நடுவே பொய்யான இடைவெளி விழுந்து, வெட்டு எங்கே என்று தெரியாமல் போகிறது. இடப்பக்கம் மட்டும் நேராக வைத்தால் போதும். முதல் வரியின் கோடு அச்சில் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தவளைக் கவிதைக்குப் பக்கத்தில் முழுநிலவு வரைய வேண்டாம். அந்த மரபில் நிலவு இலையுதிர்காலத்துக்கு உரியது, தவளை வசந்தத்துக்கு உரியது. கவிதையில் இரவு என்றும் இல்லை. படம் போட்டே ஆக வேண்டும் என்றால் குளத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். தவளை எத்தனை என்பதை ஓவியர் முடிவு செய்யாமல் இருப்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மதுரை